சோர்வை அளக்கும் கோல்

வேலை முடிந்து ஒருவர் மாலையில் வீடு திரும்புகிறார். அவர் உங்கள் தந்தையாக இருக்கலாம். தாயாகவோ அக்காளாகவோ இருக்கலாம். "வேலை எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறீர்கள். "ஏதோ ஓடுகிறது" என்று பதில் வருகிறது. சில நாட்களில் அந்த இரண்டு சொற்களுக்கு, 'குறை ஒன்றுமில்லை' என்று பொருள். வேறு சில நாட்களில், 'இனி ஒரு நாள்கூட என்னால் முடியாது' என்று பொருள். சொல் ஒன்றுதான், உள்ளிருக்கும் நிலை வேறு.

உடம்பு சுட்டால் வெப்பமானியை வைத்து 102 டிகிரி என்று சொல்லிவிடுகிறோம். இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. ஆனால் வேலையினால் மனம் வற்றிப்போவதை அளக்க அத்தகைய கருவி எதுவும் இல்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மனிதர்களோ கேட்கும் விதத்துக்கு ஏற்பப் பதில் சொல்கிறவர்கள். அப்படியிருக்க, வெறும் கேள்விகளைக் கொண்டு இந்தச் சோர்வை நம்பத்தக்க முறையில் அளக்க முடியுமா?

முடியும் என்கிறது உளவியல். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பிறரிடம் கேள்வி கேட்பதற்கு முன்னும் பின்னும் அந்தக் கேள்விகளையே சோதித்துப் பார்க்க வேண்டும். அச்சோதனைகள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை இங்கே காண்போம்.

பெயர் வந்த கதை

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஏழை இளைஞர்களுக்காக ஓர் இலவச மருத்துவ நிலையம் நடைபெற்று வந்தது. ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலார் பகல் முழுவதும் தம் சொந்த அலுவலைக் கவனித்துவிட்டு, மாலையில் அங்கு வந்து இரவு நெடுநேரம் வரை உழைத்தார். தம்முடன் உழைத்த தொண்டர்களிடம் ஒரு மாற்றத்தை அவர் கண்டார். பெரும் ஆர்வத்தோடு வந்து சேர்ந்தவர்கள், ஏறத்தாழ ஓராண்டில் களைத்துப்போனார்கள், எரிச்சலுற்றார்கள், தாங்கள் உதவ வந்த மனிதர்களிடமே பற்றற்று நடக்கத் தொடங்கினார்கள்.

1974ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இந்நிலையை அவர் 'பர்ன் அவுட்' என்ற சொல்லால் குறித்தார். எண்ணெய் தீர்ந்த விளக்கு எரிந்து அணைவது போன்ற நிலை அது. தமிழில் நாம் இதனைப் 'பணிச்சோர்வு' என்று வழங்குவோம். நாள் முழுதும் ஓடியாடியதால் வரும் களைப்பு ஓர் இரவு உறங்கினால் தீர்ந்துவிடும். பணிச்சோர்வு அவ்வளவு எளிதில் தீருவதில்லை.

ஃபிராய்டன்பெர்கர் கண்டதைச் சொன்னார், அளக்கவில்லை. அளக்கும் பணியைத் தொடங்கியவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியல் அறிஞர். மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் போன்றோரை அவர் நேரில் கண்டு பேசினார். அவர்கள் பேச்சிலிருந்து கிடைத்த கருத்துகளே வினாப்பட்டியலுக்கு மூலப்பொருளாயின.

நாற்பத்தேழு இருபத்திரண்டான விதம்

மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சன் என்பவரும் சேர்ந்து முதலில் 47 கூற்றுகளை எழுதினார்கள். காவலர், ஆசிரியர், செவிலியர், மருத்துவர், வழக்கறிஞர் எனப் பல பணிகளிலும் இருந்த 605 பேரிடம் அவற்றைக் கொடுத்தார்கள். விடைகளை ஆராய்ந்து, சரியாக வேலை செய்யாத கூற்றுகளை நீக்கியதில் 25 எஞ்சின. அந்த 25ஐயும் புதிதாக 420 பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் கண்ட ஒழுங்கு இரண்டாம் குழுவிலும் தோன்றுகிறதா என்று பார்ப்பதே இதன் நோக்கம். ஒரு முறை கிடைத்த விடை தற்செயலாகவும் இருக்கலாம் அல்லவா? இவ்வாறு 1981ஆம் ஆண்டு 'மாஸ்லாக் பணிச்சோர்வு வினாப்பட்டியல்' வெளிவந்தது. அதன் மையமான மூன்று பிரிவுகளில் 22 கூற்றுகள் உள்ளன.

எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேரும் என்பதை அவர்கள் எவ்வாறு கண்டார்கள்? உங்கள் வகுப்பின் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள். இயற்கணிதத்தில் நிறைய வாங்கியவர் பெரும்பாலும் வடிவியலிலும் நிறைய வாங்கியிருப்பார். ஆனால் அவர் ஓவியத்திலும் நிறைய வாங்கியிருப்பார் என்று சொல்ல முடியாது. எனவே முதல் இரண்டும் ஓர் இனம், ஓவியம் வேறு இனம் என்று மதிப்பெண்களே காட்டிக்கொடுக்கின்றன. இதே எண்ணத்தைக் கணித முறையில் விரித்துச் செய்வதற்குக் 'காரணிப் பகுப்பாய்வு' என்று பெயர்.

அவ்வாறு பகுத்தபோது மூன்று இனங்கள் தெரிந்தன. முதலாவது உணர்ச்சி வறட்சி. கொடுப்பதற்கு மனத்தில் ஒன்றுமில்லை என்ற நிலை. இதற்கு 9 கூற்றுகள். இரண்டாவது விலகல், எதிரே நிற்பவரை மனிதராகக் கருதாமல் ஒரு பொருளைப் போல நடத்துதல். இதற்கு 5 கூற்றுகள். மூன்றாவது சாதனை உணர்வு; என் வேலையால் பயன் உண்டு என்ற மனநிறைவு. இதற்கு 8 கூற்றுகள். முதல் இரண்டும் கூடினால் சோர்வு மிகுதி. மூன்றாவதோ குறைந்தால்தான் சோர்வு மிகுதி.

இவ்வகைக் கூற்றுகள் எப்படி இருக்கும் என்பதற்கு நாமே சில எழுதிப் பார்ப்போம். 'விடுமுறை முடிந்த பிறகும் என் களைப்பு போகவில்லை' என்பது முதல் வகை. 'வருகிறவரின் முகத்தைவிட அவருடைய வரிசை எண்தான் எனக்கு நினைவில் நிற்கிறது' என்பது இரண்டாம் வகை. 'என் பணியால் இன்று ஒருவருக்கு நன்மை விளைந்தது' என்பது மூன்றாம் வகை.

ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே, அந்த உணர்வு எத்தனை முறை வருகிறது என்று குறிக்க வேண்டும். ஒருபோதும் இல்லை என்றால் 0. ஆண்டுக்குச் சில முறை என்றால் 1. இவ்வாறு ஏறிச் சென்று, நாள்தோறும் என்றால் 6. தொடக்கத்தில், உணர்வு எவ்வளவு கடுமையானது என்றும் தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலும் ஒரே செய்தியையே இரண்டும் சொன்னதால் 1986ஆம் ஆண்டுப் பதிப்பில் கடுமையைக் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஒருவருக்கு 'மிகவும்' என்று படுவது இன்னொருவருக்கு 'ஓரளவு' என்று படலாம். 'வாரம் ஒரு முறை' என்பதற்கோ எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே பொருள்தான்.

உணர்ச்சி வறட்சிக்கு 9 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் உயர்ந்த எண் 6. எனவே அப்பிரிவின் மிக உயர்ந்த மதிப்பெண் 54. மூன்று பிரிவுகளின் மதிப்பெண்களையும் ஒன்றாகக் கூட்டுவதில்லை. ஒருவரின் உயரத்தையும் எடையையும் கூட்டிக் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் உண்டா? அது போலத்தான் இதுவும்.

கோல் நீளாமல் இருக்கிறதா?

இழுத்தால் நீளும் ரப்பர் நாடாவைக் கொண்டு துணி அளக்கும் கடைக்கு நீங்கள் போவீர்களா? ஒரே துணி காலையில் இரண்டு மீட்டர், மாலையில் மூன்று மீட்டர் என்றால் அந்த நாடாவால் பயனில்லை. மாறாத பொருளை எத்தனை முறை அளந்தாலும் ஏறத்தாழ ஒரே விடை வர வேண்டும். அளவுகோலின் இந்தப் பண்புக்கு 'நம்பகம்' என்று பெயர்.

வினாப்பட்டியலின் நம்பகத்தைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதே மனிதரிடம் சில வாரங்கள் கழித்து அதே பட்டியலைக் கொடுப்பது. மறுநாளே கொடுத்தால் முன்பு எழுதிய விடையை நினைவிலிருந்தே எழுதிவிடுவார். ஓராண்டு கழித்துக் கொடுத்தால் அவர் நிலையே மாறியிருக்கும். மாஸ்லாக் குழுவினர் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் 53 பேரிடம் இவ்வாறு செய்தனர்.

இரண்டு விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை 'ஒட்டுறவுக் கெழு' என்ற எண் காட்டும். முற்றிலும் ஒத்தால் அதன் மதிப்பு 1. தொடர்பே இல்லையென்றால் 0. அவர்களுக்குக் கிடைத்த எண்கள்: உணர்ச்சி வறட்சி 0.82, சாதனை உணர்வு 0.80, விலகல் 0.60. முதல் இரண்டும் நன்று. மூன்றாவது சற்றுத் தளர்ந்த நாடா என்று சொல்லலாம்.

இரண்டாவது வழிக்கு ஒரே நாள் போதும். ஒரு பிரிவின் கூற்றுகளை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியின் மதிப்பெண் மறு பாதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். எல்லாக் கூற்றுகளும் ஒரே பொருளைத்தான் அளக்கின்றன என்றால் பாதிகள் ஒத்துப்போக வேண்டும். ஆனால் எந்த இடத்தில் பிரிப்பது? விதவிதமாகப் பிரித்தால் விதவிதமான விடை வருமே! இந்தத் தொல்லையைத் தீர்க்க, எல்லாப் பிரிவினைகளுக்கும் பொதுவான ஒரே எண்ணாக 'ஆல்ஃபா' என்ற கெழுவை அமெரிக்க உளவியலார் லீ குரோன்பாக் 1951ஆம் ஆண்டு விளக்கிக் காட்டினார். மாஸ்லாக் பட்டியலில் உணர்ச்சி வறட்சிக்கு ஆல்ஃபா 0.90, விலகலுக்கு 0.79, சாதனை உணர்வுக்கு 0.71.

விலகல் பிரிவில் 5 கூற்றுகளே உள்ளன என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒவ்வொரு கூற்றிலும் சிறிது பிழை இருக்கும். ஒருவர் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வார். இன்னொருவர் கவனக் குறைவாகக் குறிப்பார். கூற்றுகள் பலவானால் இப்பிழைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். பிரிட்டனின் சார்லஸ் ஸ்பியர்மனும் வில்லியம் பிரவுனும் 1910ஆம் ஆண்டு தனித்தனியே வெளியிட்ட சூத்திரம் இதைக் கணக்கிட உதவுகிறது. நம்பகம் r ஆக உள்ள ஒரு பட்டியலை அதே தரமுள்ள கூற்றுகளைச் சேர்த்து n மடங்காக்கினால், புதிய நம்பகம் nr ÷ [1 + (n − 1)r] ஆகும். 5 கூற்றுகளை 9 ஆக்கினால் n = 1.8. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: 0.79 என்பது ஏறத்தாழ 0.87 ஆக உயரும். ஆனால் நூறு கேள்வி கேட்டால் பதில் சொல்கிறவரே சோர்ந்துபோவார்! ஆகவே ஓர் அளவோடு நிற்க வேண்டும்.

தவறாமல் தவறும் கடிகாரம்

உங்கள் வீட்டுக் கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முந்திக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மாறாமல் ஒரே அளவில் தவறு செய்கிறது. நம்பகம் உண்டு, உண்மை இல்லை. அது போல, பணிச்சோர்வை அளப்பதாகச் சொல்லும் பட்டியல் உண்மையில் ஒருவரின் முன்கோபத்தையோ, எதற்கெடுத்தாலும் குறைகூறும் பழக்கத்தையோ மாறாமல் அளந்துகொண்டிருக்கலாம். அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்ற கேள்விக்கு 'ஏற்புடைமை' என்று பெயர். இது நம்பகத்தைவிடக் கடினமான சோதனை.

இதற்கு ஒரு நல்ல வழி, வேறொருவரின் சாட்சியம். 1982ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் ஜாக்சனும் மாஸ்லாக்கும் காவலர் குடும்பங்கள் 142ஐ எடுத்துக்கொண்டார்கள். கணவர்கள் வினாப்பட்டியலை நிரப்பினார்கள். மனைவியர், கணவர் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத் தனியே எழுதினார்கள். உணர்ச்சி வறட்சி மதிப்பெண் மிகுந்த காவலர்கள்தாம் கோபத்தோடும் படபடப்போடும் வீடு திரும்புகிறார்கள் என்று அவர்கள் மனைவியரின் விடைகளிலிருந்து தெரிந்தது. தாளில் எழுதிய எண் வீட்டு வாசலில் கண்ட முகத்தோடு ஒத்துப்போயிற்று.

இன்னொரு தொல்லை, நல்லவராகக் காட்டிக்கொள்ளும் ஆசை. 'நோயாளிகளைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை' என்று எந்தச் செவிலியர் எளிதில் ஒப்புக்கொள்வார்? இதற்காகச் சில முன்னெச்சரிக்கைகள் உண்டு. பெயர் எழுதச் சொல்லாமல் பட்டியலைக் கொடுப்பார்கள். தாளின் தலைப்பிலும் பணிச்சோர்வு என்ற சொல் இராது. 'மனித சேவைப் பணிகள் பற்றிய ஆய்வு' என்ற பொருளுடைய பொதுவான தலைப்பே இருக்கும். அந்தச் சொல்லைக் கண்டவுடன், அதைப் பற்றித் தாம் கேள்விப்பட்டதற்கு ஏற்ப மக்கள் விடையை வளைத்துவிடக்கூடும் அல்லவா? தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ளும் இயல்பை அளக்க வேறொரு பட்டியல் உண்டு. அதையும் சேர்த்து 40 மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்ததில், இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்று தெரிந்தது.

ஒரு நாட்டில் ஏற்புடைய கேள்வி மற்றொரு நாட்டில் பொருந்தாமலும் போகலாம். டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கேள்விகள் சில தங்கள் நாட்டாருக்குப் பொருந்தவில்லை என்று கருதி, 2005ஆம் ஆண்டு 'கோபன்ஹேகன் பணிச்சோர்வு வினாப்பட்டியல்' என்று 19 கேள்விகள் கொண்ட வேறொன்றை வெளியிட்டார்கள். மொழிபெயர்ப்பிலும் இதே இடர் உண்டு. தமிழில் களைப்பு, அலுப்பு, சலிப்பு என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. வெகுதூரம் நடந்தால் களைப்பு வரும். ஒரே பாட்டைப் பத்து முறை கேட்டால் சலிப்பு வரும். எந்தச் சொல்லை எழுதுகிறோமோ அதைத்தான் அளப்போம். ஆகவேதான் ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத மற்றொருவர் திரும்பவும் ஆங்கிலத்தில் பெயர்த்து ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமாயிருக்கிறது.

கோட்டை எங்கே கிழிப்பது?

நம்பகமும் ஏற்புடைமையும் உள்ள கோல் கிடைத்துவிட்டது. இனிக் கவலையில்லை என்று நினைக்கிறீர்களா? பெரிய சிக்கல் இனிமேல்தான்.

2018ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு தொகுப்பாய்வு வெளியாயிற்று. மருத்துவர்களிடையே பணிச்சோர்வு எத்தனை சதவீதம் என்று கணக்கிட்ட 182 ஆய்வுகளை அதில் ஒருங்கே ஆராய்ந்திருந்தார்கள். 45 நாடுகள், 1,09,628 மருத்துவர்கள். கிடைத்த விடை என்ன தெரியுமா? ஓர் ஆய்வில் 0 சதவீதம். மற்றோர் ஆய்வில் 80.5 சதவீதம், ஏனையவை இவற்றுக்கு இடையே! அந்த ஆய்வுகளில் 100க்கு 85க்கும் மேற்பட்டவை மாஸ்லாக் பட்டியலின் ஏதேனும் ஒரு வடிவத்தையே பயன்படுத்தியிருந்தன. மருத்துவர்களின் நிலை இடத்துக்கு இடம் மாறக்கூடியதுதான். ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு மற்றொரு காரணமும் இருந்தது. 'இந்த எண்ணுக்கு மேல் போனால் பணிச்சோர்வு' என்று ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் கோடு கிழித்திருந்தார்கள். அந்த ஆய்வுகளில் குறைந்தது 142 வகையான வரையறைகள் காணப்பட்டன.

பரவலாக வழங்கிய ஒரு கோடு, உணர்ச்சி வறட்சியில் 27. அதற்கு மேல் 'மிகுதி' என்றார்கள். இந்த 27 எங்கிருந்து வந்தது? முதலில் அளந்த மக்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, மூன்று சம பங்காகப் பிரித்து, மேல் பங்குக்கு 'மிகுதி' என்று பெயர் வைத்ததனால் வந்தது. உங்கள் வகுப்பில் 45 பேர் இருந்தால், உயர வரிசையில் நிறுத்தி முதல் 15 பேரை 'நெட்டையர்' என்று அழைப்பதைப் போன்றது இது. வகுப்பில் எல்லோரும் குள்ளமாக இருந்தாலும் 15 நெட்டையர் கிடைத்துவிடுவார்கள்! அந்தக் கோட்டுக்கு மேலே நோய், கீழே நலம் என்று யாரும் சோதித்துக் கண்டதில்லை.

அளவீட்டுப் பிழையையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு குழுவில் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 11 என்றும், நம்பகம் 0.90 என்றும் கொள்வோம். பிழையின் அளவு 11 × √(1 − 0.90), அதாவது ஏறத்தாழ 3.5. எனவே 26 வாங்கியவரின் உண்மை நிலை 22.5க்கும் 29.5க்கும் இடையே எங்கேனும் இருக்கலாம். 28 வாங்கியவரின் நிலையும் அப்படியே. ஒருவரைச் சோர்ந்தவர் என்றும் மற்றவரை நலமானவர் என்றும் பிரிக்க இந்த வேறுபாடு போதாது. இத்தகைய காரணங்களால், பட்டியலின் 2016ஆம் ஆண்டுக் கையேட்டிலிருந்து அதன் ஆசிரியர்களே அந்தக் கோடுகளை நீக்கிவிட்டார்கள்.

எண்ணுக்குப் பின்னால் மனிதர்

இதெல்லாம் கணக்குப் பிழைதானே என்று விட்டுவிட முடியாது. ஒரு மருத்துவமனையில் 'பணிச்சோர்வு 0 சதவீதம்' என்று அறிக்கை வந்தால், தொடர்ந்து பல இரவுகள் கண்விழிக்கும் செவிலியரின் பணிமுறையை யாரும் மாற்றமாட்டார்கள். '80 சதவீதம்' என்று வந்தால் பெரும் பரபரப்பு எழும்; பிறகு எண் தவறு என்று தெரிந்ததும், உண்மையிலேயே சோர்ந்திருப்பவரின் குரலையும் சேர்த்தே தள்ளிவிடுவார்கள். இரண்டு வகையிலும் இழப்பு அவர்களுக்கே.

அப்படியானால் இந்தக் கோலை எதற்குப் பயன்படுத்துவது? ஒப்பிடுவதற்கு. ஒரே பட்டியலைக் கொண்டு இரண்டு பிரிவுகளை ஒப்பிடலாம். இரவுப் பணியைக் குறைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே குழுவை அளக்கலாம். பலருடைய சராசரியில் தனிமனிதரின் அளவீட்டுப் பிழைகள் பெரிதும் கரைந்துவிடும். தனி ஒருவருக்கு நோய் உண்டு, இல்லை என்று முத்திரை குத்த இப்பட்டியல் ஏற்பட்டதில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் 2019ஆம் ஆண்டு ஏற்று, 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாமல் 'தொழில் சார்ந்த நிகழ்வு' என்றே குறித்திருக்கிறது. ஆகவே எண் உயர்ந்தால் அந்த மனிதரை மட்டும் பார்த்தால் போதாது; அவருடைய பணி நேரம், பளு, கிடைக்கும் உதவி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள்

நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து 'தேர்வுக் களைப்பு' பற்றி எட்டுக் கூற்றுகள் எழுதுங்கள். எத்தனை முறை என்பதற்கு 0 முதல் 6 வரை எண் கொடுங்கள். பெயருக்குப் பதிலாக ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே தெரிந்த ஒரு குறியை இடட்டும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் நிரப்புங்கள். முதல் முறை மதிப்பெண்ணைக் கிடை அச்சிலும் இரண்டாம் முறை மதிப்பெண்ணைக் குத்து அச்சிலும் குறித்தால், புள்ளிகள் ஒரு நேர்கோட்டை ஒட்டி நிற்கின்றனவா? நின்றால் உங்கள் கோல் நீளாத கோல். சிதறிக் கிடந்தால், எந்தக் கூற்று குழப்பத்தை விளைவித்தது என்று தேடுங்கள். இடையில் தேர்வு ஏதும் வந்ததா என்பதையும் மறவாமல் பாருங்கள். கோல் சரியாக இருந்து, களைப்பே மாறியிருக்கலாம்!

இனி வீட்டில் யாரேனும் "ஏதோ ஓடுகிறது" என்று சொன்னால், அவரிடம் 22 கேள்விகளை நீட்ட வேண்டாம். "இந்த வாரம் எத்தனை நாள் இப்படி இருந்தது?" என்று ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று கேட்பதைவிட அதற்கு விடை சொல்வது எளிது. பிறகு அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். மாஸ்லாக்கின் பட்டியலும் அப்படி மனிதர்கள் பேசியதைக் கேட்டதிலிருந்துதான் தொடங்கிற்று.